செங்கல்லின் மேல் செங்கல்: பழைய வீட்டுக்குப் புதுமுகம் பூட்டுதல் பற்றிய ஓர் ஆராய்ச்சி

எதிர்வீட்டில் கிரகப்பிரவேசம் முடிந்த மறுநாள் காலையில்தான் தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகள் பழசாகின்றன. முந்தின நாள் வரை அந்த வீட்டுக்கு ஒரு குறையும் இல்லை. ஜன்னல் ஒழுங்காகத் திறந்து மூடியது, கைப்பிடிச் சுவரின் நடுவே சிமென்டில் புடைத்து நிற்கும் ‘1978’ காக்கை உட்காரத் தோதாக இருந்தது. காபி டம்ளரோடு வாசலுக்கு வந்த வீட்டுக்காரர் எதிரே பளபளக்கும் கண்ணாடிக் கைப்பிடியையும், பகலிலும் அணைக்க மறந்த வரிசை விளக்குகளையும் பார்க்கிறார். திரும்பித் தன் வீட்டைப் பார்க்கிறார். அந்த ஒரு திரும்பலில் வீட்டுக்கு நாற்பது வயது கூடிவிடுகிறது. இந்தத் திடீர் மூப்பைப் பற்றிக் கட்டடப் பொறியியல் போதிய அக்கறை காட்டாததால், அக்குறையைப் போக்க இக்கட்டுரை முற்படுகிறது.

ஆய்வுப்பொருளை முதலில் வரையறுப்பது மரபு. இங்கே ஆராயப்படுவது வீடு அன்று. தெருவைப் பார்த்த பக்கம் மட்டுமே. வரைபடம் போடுகிறவர்களைக் கேட்டால் ஒரு கட்டடத்துக்கு நான்கு எலிவேஷன் உண்டு என்பார்கள். ஆனால் ‘எலிவேஷன்’ தமிழ்ச் சொல்லாகிவிட்ட நாளிலிருந்து அதற்கு ஒரே பக்கம்தான். “எலிவேஷன் முடிஞ்சுதா சார்?” என்று கேட்பவர் கொல்லைப்புறத்தைப் பற்றிக் கேட்கவில்லை. பக்கவாட்டுச் சுவர்கள் பூச்சே காணாமல், செங்கல் இடுக்கில் பிதுங்கிய கலவை காய்ந்து தொங்கியபடி, பல வீடுகளில் கட்டிய நாள் கோலத்திலேயே நிற்கின்றன. பக்கத்து வீட்டுக்கும் இதற்கும் நடுவே ஒரு பூனை போகும் சந்து. சாரம் கட்ட இடமில்லை, பார்க்க ஆளும் இல்லை. ஆகவே தமிழ்நாட்டில் செங்கல்லைச் செங்கல்லாகவே பார்க்க விரும்பும் மாணவர் புதுப் பங்களாக்களுக்கு இடையிலான சந்துகளில் தலையை நுழைத்துப் பார்க்கலாம்.

வீட்டு முகப்பை ஏன் மாற்றுகிறார்கள்? சேதம் அடைந்ததால் மாற்றுகிறார்கள் என்பது ஒரு கருதுகோள். இது நிற்காது. ஒழுகும் மொட்டைமாடியும் டைல்ஸ் ஒட்டிய முகப்பும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்துவதை எந்தத் தெருவிலும் காணலாம். பணம் வந்ததால் மாற்றுகிறார்கள் என்பது இரண்டாவது கருதுகோள். கடன் வாங்கி மாற்றுகிறவர்கள் இதை அன்றாடம் பொய்யாக்குகிறார்கள். மூன்றாவதை மேஸ்திரி ஒருவரே தந்தார். ஆய்வுலகம் அவருக்குக் கடமைப்பட்டுள்ளது. அவர் சொன்னது: “இது வீட்டைத் தூக்கிக் காட்டும் சார்.” யாருக்குக் காட்டும் என்று அவர் சொல்லவில்லை. அதைக் கண்டறிவதே எஞ்சிய பணி.

முதலில் வரலாறு. செங்கல்லை வெளியே சொல்லக் கூச்சப்படும் வழக்கத்துக்குத் தமிழ் மண்ணில் கிடைக்கும் மிகச் சிறந்த சான்று, விழுப்புரம் மாவட்டம் மண்டகப்பட்டில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் அங்கே பாறையைக் குடைந்து மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்தான். எடுத்ததோடு விடவில்லை. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் இதைச் செய்தேன் என்று கல்வெட்டும் பொறித்துவைத்தான். என்னென்ன போட்டுக் கட்டினேன் என்று பெருமை பேசும் வீட்டுக்காரர்களை நாம் அறிவோம். எதையெதைப் போடவில்லை என்று பட்டியல் கொடுத்த முதல் வீட்டுக்காரர் இவராகத்தான் இருக்க வேண்டும். பட்டியலில் முதல் பெயர் செங்கல்லுக்கு.

அதற்கு முன்பு இந்தக் கூச்சம் இருந்ததா என்று தெளிவாகச் சொல்ல இடமில்லை. கீழடியில் வெளிப்பட்ட சங்க காலச் செங்கல் ஏறத்தாழ 38 சென்டிமீட்டர் நீளம், 23 அகலம், 6 கனம். இன்றைய நாட்டுச் செங்கல் ஒன்பது அங்குலம் நீளம், நாலரை அகலம், மூன்று கனம். அதாவது அவர்கள் செங்கல்லின் அகலமே இப்போது நம் செங்கல்லின் நீளம். இரண்டாயிரம் ஆண்டில் செங்கல் இவ்வளவு ஒடுங்கியதற்கு வெட்கமும் ஒரு காரணமோ என்ற ஐயம் எழுகிறது. அதை வருங்கால ஆய்வாளர்களுக்கு விட்டுவிடலாம்.

பிற்காலத்துக் கோபுரங்களில் அடித்தளம் கருங்கல். அதற்கு மேல் எழுவதெல்லாம் பெரும்பாலும் செங்கல்தான். ஆனால் அண்ணாந்து பார்ப்பவர் கண்ணுக்குத் துவாரபாலகரும் யாளியும் தெரிவார்களே தவிர செங்கல் தெரியாது. சுதை அதை முழுக்க மூடிவிடும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்ற பெயரில் சாரம் கட்டி, உதிர்ந்த சுதையைச் சரிசெய்து, வர்ணம் தீட்டுகிறார்கள். முகப்பைப் புதுப்பிக்கும் கால இடைவெளியை இவ்வளவு துல்லியமாக வகுத்துக்கொண்ட சமூகம், வீட்டு விஷயத்தில் மட்டும் எதிர்வீட்டின் கிரகப்பிரவேசத்துக்குக் காத்திருப்பது ஆய்வுக்குரியது.

செட்டிநாட்டில் இந்த மூடும் கலை உச்சத்துக்குப் போயிற்று. சுண்ணாம்பை அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் பனைவெல்லமும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, படிப்படியாகப் பூசித் தேய்த்து முகம் பார்க்கும் பளபளப்புக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு செங்கல்லை மறைக்க இத்தனை முட்டை செலவழித்த பண்பாடு உலகில் வேறு எங்காவது உண்டா என்று தேடிப் பார்க்கலாம். சென்னை இன்னும் ஒரு படி மேலே. சூளைகளால் பெயர் பெற்ற சூளை, சூளைமேடு என்று இரண்டு பேட்டைகளையே வைத்துக்கொண்டு, அங்கேயும் வீட்டுச் சுவரில் செங்கல் தெரிந்தால் “பூச்சு வேலை பாக்கி இருக்கோ?” என்றுதான் கேட்பார்கள்.

செங்கல்லை வெளியே காட்டியவர்கள் வெள்ளைக்காரர்கள். 1892இல் திறந்த சென்னை உயர் நீதிமன்றம் செக்கச்செவேலென்று நிற்கிறது. 1908இல் எழும்பூர் ரயில் நிலையம் வந்தது. இதனால் விளைந்த ஒரு பக்க விளைவைச் சமூகவியலாளர்கள் போதுமான அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. சிவப்புச் செங்கல் என்றால் கோர்ட்டு, காலேஜ், ரயிலடி என்று தமிழ் மனத்தில் பதிந்துவிட்டது. வழக்கும் பரீட்சையும் ரயிலைத் தவறவிட்டதும் நினைவுக்கு வரும் நிறத்தில் யார்தான் குடியிருப்பார்கள்?

ஆய்வின் மையச் சான்றுக்கு இப்போது வரலாம். கீழடிக்குக் குழி தோண்டினார்கள். இந்த ஆய்வுக்கு ஆறு மில்லிமீட்டர் துளையே போதுமானதாக இருந்தது.

பழைய வீடு ஒன்றின் முகப்பில் கண்காணிப்பு கேமரா மாட்ட எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்திருந்தார். ஏணியின் அடியில், தூள் சிந்தாமல் இருக்க வீட்டம்மா பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்துவைத்தார். கட்டுரையாளர் அந்தச் செய்தித்தாளைத்தான் ஆய்வுக்களமாகக் கொண்டார். டிரில் ஓடத் தொடங்கியதும் முதலில் விழுந்தது சாம்பல் நிறத் தூள். இது அண்மைக் காலம், எல்லா வீடுகளும் மழை மேகம்போல ஆகிவிட்ட காலம். அடுத்துக் கொஞ்சம் லாவண்டர். ஜன்னலைச் சுற்றி அடர்ந்த ஊதாவில் பட்டை அடித்து, ‘டபுள் கலர் காம்பினேஷன்’ என்று சொல்லிக்கொண்ட காலம் அது. அதன் கீழே கிளிப்பச்சை. அதற்கும் கீழே சந்தன நிறம், சற்று மொரமொரப்பாக: ஸ்னோசெம். தூளாக டப்பாவில் வரும். தண்ணீரில் கரைத்து அடித்துவிட்டு, சிமென்டுக்குச் செய்வதுபோல மறுநாளும் தண்ணீர் தெளிக்க வேண்டும். பெயின்ட் அடித்த சுவரைத் தானே நனைக்கும் விசித்திரத்தைக் குழந்தைகள் வாய்பிளந்து பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. பிறகு வெள்ளை. வெறும் வெள்ளை இல்லை, நீலம் கலந்த சுண்ணாம்பு வெள்ளை. ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு பூச்சாக ஏறி, தட்டினால் அப்பளம்போல் பெயரும் கனத்துக்கு வந்திருந்தது. அதன் பின் முக்கால் அங்குலத்துக்குச் சிமென்ட்.

“சுவரா சார் இது, கேக்கா?” என்று மேலிருந்து குரல் வந்தது.

பிளக்கை வைத்து ஸ்க்ரூ முறுக்கினால் சுற்றிக்கொண்டே இருந்தது, பிடிக்கவில்லை. இன்னும் ஆழமாகத் துளைத்தார். அப்போது செய்தித்தாளின் மேல் சிவப்புத் தூள் விழுந்தது. ஏணியின் உச்சியில் ஒரு பெருமூச்சு. “இப்பத்தான் சார் பிடிக்குது.”

இதிலிருந்து பெறப்படுவது என்னவென்றால், ஐம்பது ஆண்டு அலங்காரத்தில் ஒரு ஸ்க்ரூவைத் தாங்கும் அடுக்கு ஒன்றே ஒன்று. அதைத்தான் மற்ற எல்லா அடுக்குகளும் சேர்ந்து மறைத்துக்கொண்டிருந்தன. எலக்ட்ரீஷியன் ஏணியை மடக்கியதும் வீட்டம்மா செய்தித்தாளைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டார். தொல்லியல் சான்றுகள் அழிவது இப்படித்தான்.

இன்றைய நிலைமை வேறு. சுண்ணாம்பு வாளியும் மட்டையும் கொண்டுவந்தவரின் இடத்தில் இப்போது ‘3டி’ வந்திருக்கிறது. வீட்டுக்காரரின் கைபேசிக்கு ஒரு படம் வருகிறது. அதில் அவருடைய வீடு இருக்கிறது, ஆனால் சுற்றுவட்டாரம் அவருடையதாக இல்லை. வானம் நீலம். வாசலில் புல்வெளி. போர்டிகோவில் அவரிடம் இல்லாத ஒரு கார். மின்கம்பம் இல்லை, கம்பி இல்லை, கேபிள் சுருள் இல்லை, மீட்டர் பெட்டி இல்லை. இரண்டு பக்கமும் அண்டை வீடே இல்லை. படத்தில் ஒரு பெண் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போகிறாள். அவள் யார் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இருந்தும் குடும்பமே கூடி, “இதே மாதிரி வந்துடுமா?” என்று கேட்கிறது. “அப்படியே வந்துடும்” என்று பதில் வருகிறது. வேலை முடிந்ததும் மற்றதெல்லாம் ஏறக்குறைய வந்துவிடுகிறது. மீட்டர் பெட்டி மட்டும் முகப்பின் நட்டநடுவில், புதிய டைல்ஸுக்கு நடுவே ஜன்னல்போல வெட்டி விட்ட இடத்தில், பழைய துருவோடு உட்கார்ந்திருக்கிறது. அதைத் தொட மின்வாரியத்தைக் கேட்க வேண்டும்.

பழைய செங்கல் சுவரின் மேல் எதை வேண்டுமானாலும் ஒட்டிவிடலாம் என்ற நம்பிக்கையைப் பற்றி ஒரு சொல். செங்கல் தண்ணீர் குடிக்கும். எவ்வளவு குடிக்கலாம் என்பதற்கு இந்தியத் தர நிர்ணயமே உண்டு: 24 மணி நேரம் தண்ணீரில் கிடந்த சாதாரணச் செங்கல், தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சியிருக்கக் கூடாது. குடிப்பவருக்கு இவ்வளவு தெளிவான அளவை அரசு வேறு எங்கும் விதித்ததாகத் தெரியவில்லை. குடித்த தண்ணீர் வெளியேற வழியும் வேண்டும். சுண்ணாம்புப் பூச்சில் அந்த வழி இருந்தது. மழையில் நனைந்த சுவர் வெயிலில் தானே உலர்ந்தது. அதே சுவரின் மேல் வழவழப்பான டைல்ஸை இடைவெளியில்லாமல் ஒட்டினால், தரையிலிருந்து ஏறும் ஓதம் வெளியே வர வழியில்லாமல் உள்பக்கம் திரும்பும். கூடவே வரும் உப்பு, ஹாலில் சோபாவுக்குப் பின்னால் பொரிந்து பூக்கும். முகப்பு தெருவுக்குச் சிரிக்கும். வீட்டுக்காரர் சோபாவை ஒரு ஜாண் தள்ளிப் போடுவார். இது தெரிந்த கொத்தனார் வேலையைத் தொடங்கும் முன் கரணைக் காம்பால் சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டே போவார், வைத்தியர் முதுகில் தட்டுவதுபோல. பிடிப்பு விட்டு உள்ளே பொக்கையாக இருக்கும் இடம் வேறு சத்தம் கொடுக்கும். அங்கே கொத்தி எடுத்துவிட்டுத்தான் மேலே எதுவும். தட்டிப் பார்க்காமல் சதுர அடிக்கு விலை சொல்பவர் ஓவியராக இருக்கலாம், கொத்தனார் இல்லை.

அலுமினியத் தகடு போர்த்தும் வழக்கத்தைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் கேலியைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கிறது. கடைகளிலிருந்து வீடுகளுக்குத் தாவிவந்த இந்தத் தகடு உண்மையில் இரண்டு மெல்லிய அலுமினியத் தாள்களுக்கு நடுவே ஒரு நிரப்புப் பொருள். லண்டனில் 24 மாடி கிரென்ஃபெல் டவர் 1974இல் கட்டி முடிக்கப்பட்டது. 2016இல் புதுப்பித்து முடித்தபோது அதன் வெளிப்புறத்தில் இத்தகைய தகடு போர்த்தியிருந்தார்கள். நடுவில் இருந்தது பாலிஎதிலீன். 2017 ஜூன் 14 அன்று ஒரு சமையலறையில் பிடித்த தீ வெளிச்சுவர் வழியே கட்டடம் முழுக்க ஏறியது. 72 பேர் இறந்தார்கள். தீ அப்படிப் பரவியதற்கு முதன்மைக் காரணம் அந்த வெளிப்போர்வையே என்று 2019இல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. தகடு வாங்கப் போகிறவர் நிற அட்டையைப் புரட்டும் முன், தகட்டின் விளிம்பைத் திருப்பி நடுவில் என்ன இருக்கிறது, அது தீயைத் தாங்குமா என்று கேட்பது நல்லது.

கடல் கடந்த ஒப்பாய்வு இல்லாமல் எந்த ஆய்வேடும் தேறாது என்பதால், இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் ஒரு நடை போய்வர வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மரச்சட்ட வீடுகள் நாகரிகம் குன்றியவை ஆயின. செங்கல் வீடுதான் கௌரவம். புதிதாகக் கட்ட வசதியில்லாதவர்கள் ஒரு வழி கண்டார்கள். முன்பக்கம் மட்டும் செங்கல் முகம்போலத் தெரியும் ஓடுகளை மரச்சுவரில் அடுக்கடுக்காக மாட்டி, இடுக்குகளில் சுண்ணாம்புச் சாந்தும் அடைத்துவிட்டால் தெருவில் போகிறவருக்குச் செங்கல் சுவர்தான். இதற்குக் ‘கணித ஓடு’ என்று பெயர். பொய்யைக் கணிதம் என்று அழைத்த முதல் தொழில் கணக்குப்பிள்ளை வேலை இல்லை என்பதற்கு இது ஆதாரம். பிரைட்டன் நகரின் ராயல் கிரெசென்ட் வீடுகளில் இந்த ஓடுகள் கறுப்பு மெருகோடு இன்றும் மின்னுகின்றன. 1784இல் அந்த நாட்டில் செங்கல்லுக்கு எண்ணிக்கைக் கணக்கில் வரி விதித்தார்கள். எண்ணிக்கைக்குத்தானே வரி என்று சூளைக்காரர்கள் செங்கல்லைப் பெரிதாக்கினார்கள். பெரிய செங்கல்லுக்கு அரசு வேறு விகிதம் கொண்டுவந்தது. 1850 வரை இந்தக் கண்ணாமூச்சி நடந்தது. கணித ஓடு பரவியதே இந்த வரியை ஏய்க்கத்தான் என்று சொல்வதுண்டு. ஆனால் ஓட்டுக்கும் வரி இருந்தது, வரிக்கு முன்பே இந்த ஓடும் இருந்தது. எனவே அங்கேயும் காரணம் எதிர்வீடாகத்தான் இருக்க வேண்டும்.

அமெரிக்காவின் பால்டிமோர் நேர் எதிர். அங்கே வரிசை வரிசையாகச் செங்கல் வீடுகள். ஆனால் பல வீடுகளின் செங்கல் மென்மையானது. ஈரம் இழுக்கும், சில ஆண்டுக்கு ஒருமுறை பெயின்ட் அடித்தாக வேண்டும். 1937இல் ஆல்பர்ட் நைட் என்பவர் ‘ஃபார்ம்ஸ்டோன்’ என்ற பூச்சுக்குக் காப்புரிமை பெற்றார். செங்கல்லின் மேல் சிமென்ட் கலவையை அடுக்கடுக்காகப் பூசி, கல்போலக் கோடு கிழித்து, கல்போல நிறமும் ஏற்றிவிடுவார்கள். இனிமேல் செலவே இல்லை என்பது விற்பனையாளர் வாக்கு. தெருத் தெருவாக வீடுகள் கோட்டைகள் ஆயின. அந்த ஊரில் பிறந்த திரைப்பட இயக்குநர் ஜான் வாட்டர்ஸ் அதைப் பாலியஸ்டர் துணிக்கு ஒப்பிட்டார், செங்கல்லுக்கு உடுத்திய பாலியஸ்டர் என்ற பொருளில். பிறகு அடுத்த தலைமுறை வந்தது. பாட்டன் காசு கொடுத்துப் பூசியதைப் பேரன் காசு கொடுத்துப் பெயர்த்து, உள்ளே இருந்த செங்கல்லைக் கழுவித் துடைத்து, அழகு பார்த்தான்.

நம் ஊரிலும் இந்தப் பாலியஸ்டருக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. 1980களின் வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சிமென்ட் பூச்சில் கோணல்மாணலாகக் கோடு கிழித்து, கட்டங்களுக்குள் கறுப்பும் பழுப்பும் அடித்து, கோடுகளில் வெள்ளை தீட்டிய ‘கருங்கல்’ சுவர். அதைவிட நுட்பமானது இன்னொன்று. செங்கல் சுவரைச் சிமென்டால் பூசி, அதன் மேல் காவி அடித்து, அந்தக் காவியின் மேல் அடிக்கோல் வைத்து வெள்ளைக் கோடு இழுத்துச் செங்கல் வரைவார்கள். வரைந்த செங்கல்லுக்கும் உள்ளே இருக்கும் செங்கல்லுக்கும் வரிசை பொருந்தாது. பொருந்த வேண்டும் என்று யாரும் கேட்டதுமில்லை.

பூச்சே வேண்டாம் என்று சொல்ல ஒருவர் பர்மிங்ஹாமிலிருந்து வர வேண்டியிருந்தது. 1917இல் அங்கே பிறந்து, 2007இல் திருவனந்தபுரத்தில் மறைந்த கட்டடக்கலைஞர் லாரி பேக்கர், செங்கல் அழகாகத்தானே இருக்கிறது, அதை ஏன் சிமென்டால் மூடிவிட்டு அந்தச் சிமென்டைப் பெயின்டால் மூடுகிறீர்கள் என்ற கேள்வியைக் கட்டடம் கட்டடமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையைப் பரப்பி, சுமார் கால் பங்கு செங்கல்லை மிச்சம் பிடித்தார். திருவனந்தபுரத்தின் தம்பானூரில் சுருண்டு ஏறும் இந்தியன் காஃபி ஹவுஸ் அவர் கட்டியதுதான். அங்கே காபி குடித்துவிட்டு வந்த தமிழர்கள் கட்டடத்தைப் புகழ்ந்தார்கள். ஊருக்குத் திரும்பியதும் தங்கள் வீட்டுக்குப் பட்டி பார்த்தார்கள்.

ஆனால் விதை விழுந்துவிட்டது. முளைத்த விதம்தான் பேக்கரே எதிர்பார்த்திருக்க மாட்டார். இன்று தமிழ்நாட்டில் புதுப்பிக்கும் முகப்புகளில் மதிப்பு மிக்க பொருள் செங்கல். சுவர் கட்டும் செங்கல் இல்லை, ‘பிரிக் கிளாடிங்’. ஒரு விரல் கனம்கூட இல்லாத, செங்கல் முகம் மட்டும் உள்ள வில்லை, அட்டைப்பெட்டியில் வருகிறது. சிலவற்றில் ஓரம் உடைந்ததுபோலவும், சிலவற்றில் கொஞ்சம் கருகியதுபோலவும் வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். சூளையில் கருகிய செங்கல்லைக் கொத்தனார் கழித்துப் போட்ட காலம் ஒன்று உண்டு.

கட்டுரையாளர் கண்ட ஒரு முகப்பின் குறுக்குவெட்டைத் தெருவிலிருந்து வீட்டை நோக்கி இப்படிப் பதிவு செய்யலாம்: செங்கல் வில்லை, ஒட்டுப்பசை, கொத்திவிட்ட பழைய பெயின்ட், சிமென்ட், செங்கல். அந்த வேலை நடந்தபோது வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“உள்ள இருக்கறதும் செங்கல்தானே மேஸ்திரி?”

“ஆமா சார். நல்ல செங்கல், அந்தக் காலத்து நாட்டுச் செங்கல்.”

“அப்ப பூச்சை எடுத்துட்டு அதையே விட்டுட்டா?”

மேஸ்திரி கரணையைக் கீழே வைத்தார். இந்தக் கேள்வியை அவர் முன்பே சந்தித்திருக்க வேண்டும். “விடலாம் சார். ஆனா அது பூசறதுக்குன்னு கட்டின சுவர். மறையப் போறதுதானேன்னு உடைஞ்ச கல்லு, அரைக்கல்லு எல்லாம் வெச்சிருப்பாங்க. மட்டம் வராது. சிமென்ட்டைக் கொத்தி எடுத்தா கல்லோட தோலும் சேர்ந்து வந்துடும், அப்புறம் மழைத்தண்ணியைக் குடிக்கும். அசல் செங்கல்லு பார்த்தா நிஜம் மாதிரி இருக்காது சார்.”

கடைசி வாக்கியத்தைத் தவிர அவர் சொன்ன அனைத்தும் பொறியியல்படி சரி. சுட்ட செங்கல்லுக்கு வெளிப்புறம் கெட்டியான தோல் உண்டு. அது போனால் உள்சதை சீக்கிரம் கரையும். வெளியே தெரிய வேண்டிய சுவருக்கு முனை மழுங்காத வயர்கட் செங்கல்லாகப் பார்த்து எடுத்து, கட்டும்போதே இடுக்கு ஒரே அளவில் வர மெனக்கெட வேண்டும். கடைசி வாக்கியம் அழகியல் துறையைச் சேர்ந்தது. அதை மறுக்கத் தேவையான சான்று இந்த ஆய்வில் கிடைக்கவில்லை.

சாரம் பிரிக்கும் முன் நடக்கும் ஒரு சடங்கை விட்டுவிட்டால் ஆய்வு முழுமை பெறாது. நாலு பேர் கண்ணில் பட வேண்டும் என்றுதான் இவ்வளவும் செய்யப்பட்டது. நாலு பேர் கண் பட்டுவிடக் கூடாது என்று முகப்பின் நெற்றியில் நாக்கைத் தொங்கவிட்ட பூதத்தின் முகம் மாட்டப்படுகிறது. வாசல் நிலையில் கறுப்புக் கயிற்றில் படிகாரம். பூசணிக்காயில் கண் காது மூக்கு வரைந்து ஒரு பக்கம். எல்.இ.டி. விளக்கு ஒன்று, சுவரைத் தூக்கிக் காட்டுவதற்காகப் பொருத்தியது, சரியாக அந்தப் பூதத்தின் மேல் விழுகிறது. பார்க்கச் சொல்லும் கருவியும் பார்க்காதே என்னும் கருவியும் ஒரே சுவரில், ஒரே மின் இணைப்பில் இயங்குகின்றன.

இன்னொன்றும் உண்டு, இதில் வீட்டுக்காரரின் பங்கு ஏதுமில்லை. சென்னையில் தெருவைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்ட காலத்தில் சாலை வளர்ந்தது, வீடு வளரவில்லை. மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது இரண்டு படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கி நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்; பலர் அடி ஜன்னலின் பாதியைச் சாலைக்குக் கொடுத்துவிட்டு மேல் பாதிக்கு டைல்ஸ் ஒட்டுகிறார்கள். வீட்டைத் தூக்கிக் காட்டும் என்ற மேஸ்திரியின் சொல்லுக்கு இந்த வீடுகளில் வேறொரு பொருள் கிடைக்கிறது.

தூக்கிக் காட்டும், சரி. யாருக்கு? கேள்விக்கு விடை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கிடைத்தது. வேலை முடிந்த அன்று மாலை வீட்டுக்காரர் போர்டிகோவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். செங்கல் வில்லைகளும், புது விளக்கும், பூதமும் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தன. அவர் கண்ணெதிரே இருந்தது எதிர்வீட்டுக் கண்ணாடிக் கைப்பிடி. தன் முகப்பைப் பார்க்க அவர் எழுந்து, செருப்பு மாட்டி, கேட்டைத் திறந்து, சாலையைக் கடந்து, எதிர்வீட்டுச் சுவர் ஓரமாகப் போய் நிற்க வேண்டியிருந்தது. இரண்டு முறை அப்படிப் போய் வந்தார். மூன்றாவது முறை அவர் எழுந்திருக்கும் முன், எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அந்த வீட்டுக்காரர் வெளியே வந்து, இடுப்பில் கை வைத்து, அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு திரும்பித் தன் கண்ணாடிக் கைப்பிடியை ஒருமுறை பார்த்தார்.

சாரக் கட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் போய், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, “சதுர அடி என்ன ரேட்டு போட்டீங்க?” என்றார்.